இடைவேளைக்கு முன் செத்துப் போகும் அண்ணன்

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கராவோக்கே மைக். பாலர் பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்கென்று என் அண்ணி ஈப்போவில் வாங்கியது. பட்டனை அழுத்தினால் கழுத்தைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக விளக்கு ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால் யார் பேசினாலும் சளி பிடித்த குரலாகத்தான் வரும். பிள்ளைகள் அதில் பாடியது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அது அண்ணியின் கையில்தான் இருந்தது. ஒரு தலைவர் தேர்தலையே தலைகீழாகக் கவிழ்த்த மைக் அது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள். பால்மரங்களை வெட்டி, தோட்டத்தை மூடியபோது, லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் குனோங் ராபாட்டில் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், வந்து சேர்ந்தோம். வரிசை வீடுகள், பின்னால் சுண்ணாம்புக் குன்று, நடுவில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சின்ன மண்டபம். காலையில் அந்த மண்டபத்தில்தான் பாலர் பள்ளி நடக்கும். அண்ணிதான் டீச்சர். என் அண்ணன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். யார் என்ன கேட்டாலும் "போலே, போலே" என்பார். மலாய் மொழியில் அதற்கு 'முடியும்' என்று அர்த்தம். குளிர்பெட்டி தூக்க வேண்டுமா, போலே. கல்யாணத்துக்கு ஹுத்தான் மெலிந்தாங் போய் ஆள் ஏற்றி வர வேண்டுமா, போலே. முடியாது என்பதற்கு 'தாபோலே' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் அண்ணன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது.

அண்ணிக்கோ வாய் ஓயாது. அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தைச் செய்தியில் காட்டினால், சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரே பேச ஆரம்பித்துவிடுவார். ஆங்கிலம் புரியாமல் இல்லை, அவர்கள் பேசுவதில் உப்பு உறைப்பு இல்லை என்பார். "இந்த ஆளப் பாரு, காலையில பெரட்டுக்கு லேட்டா வந்துட்டு, பேர் கூப்பிடுற கிராணியவே அதட்டுற ரகம்லா" என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை வைத்து ஒருவரைச் சொல்வார். எதிராளி மேடையேறினால், "இவங்க கதாநாயகிக்குத் தோழியா வந்து, கடைசியில நான்தான் போலீஸுன்னு அடையாள அட்டையக் காட்டுற கேரக்டர்" என்பார். எங்கோ இருக்கும் நாட்டுக்குக்கூட அவரால் ஒரு பக்கம் சாயாமல் இருக்க முடியாது. கொஞ்சம் நடுநிலையாகப் பேசக்கூடாதா அண்ணி என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நடுநிலைன்னா என்னம்மா நாத்தனாரே, ரோட்டு நடுவுல நிக்கிறதா? லோரி அடிச்சிரும்" என்றார்.

அப்படியிருக்க, எங்கள் சங்கத்துக்கே தலைவர் தேர்தல் வந்தது. பழைய தலைவர் மகன் வீட்டோடு போய்விட்டார். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், நாங்கள் சார்ஜன் என்று கூப்பிடுவோம், சிரிக்காத மனிதர். இன்னொருவர் என் அண்ணன். அந்தச் சமயத்தில் மேசை நாற்காலி விற்கும் ஒரு வியாபாரி எங்கள் மண்டபத்தைத் தன் சரக்குக் கிடங்காக்கக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். யார் தலைவரோ அவர் கையில்தான் அந்த முடிவு. சனிக்கிழமை சாயங்காலம் பூப்பந்துத் திடலில் எல்லோரும் ஆற்றிய தே தாரேக் டீயோடு உட்கார்ந்திருந்தபோது அண்ணி மைக்கை எடுத்தார். விளக்கு ஓடியது. "என் ஓட்டு சார்ஜன் அண்ணனுக்குத்தான்" என்றார். வாய்க்குப் போன டம்ளரெல்லாம் பாதி வழியில் நின்றன. அண்ணன் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போலேலா" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுப்படிக்கே போய்ச் சண்டை பிடித்தேன். கட்டின புருஷனை இப்படி நாலு பேர் முன்னால் காலை வாரி விடலாமா என்று கத்தினேன். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்கண்ணன் தங்கம். நான் இல்லேங்கல. ஆனா அந்த மேசைக்காரன் ஒரு டப்பா லட்டோட வந்து பல்லக் காட்டுனான்னா, இவரு என்ன சொல்வாரு? நீயே சொல்லும்மா." போலே என்பார் என்று முணுமுணுத்தேன். "அப்புறம் எம் பிள்ளைங்க எங்க உக்காந்து அனா ஆவன்னா எழுதும்?" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தால் என்றுதான் அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் பிரசாரம் நடந்தது. வேட்பாளர்கள் வாயே திறக்கவில்லை, எல்லாம் அண்ணியின் வர்ணனைதான். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒன்று, சாயங்காலம் மைக்கில் ஒன்று. "என் வீட்டுக்காரர் கொடுக்குற வாக்கு ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு. மூட்டை மூட்டையா இருக்கும், ஒரு படி அரிசி வாங்க முடியாது!" என்பார். பேருந்தில் ஏறுகிற பெண்கள் அதை அண்ணனிடமே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த வேகத்தில் ஒரு நாள் அண்ணி சினிமாவுக்குத் தாவினார். "படத்துல வருவாருல்ல ஒரு அண்ணன்? தங்கச்சிக்கு வளையல் வாங்கிப் போட்டு, ஊருக்கெல்லாம் நல்லது செஞ்சு, இடைவேளைக்கு முன்னாடி செத்துப் போயிருவாரு. அவருதான் இவரு! பாதிப் படத்துக்கு மேல இவர நம்பக்கூடாது." தங்கச்சி நான்தான் என்பதால் திடலில் இருந்த அத்தனை பேரும் என் கையைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வாங்கிக் கொடுத்த வளையலைத்தான் போட்டிருந்தேன், வேறென்ன செய்ய.

கடைசிச் சனிக்கிழமை சார்ஜனைப் புகழ ஆரம்பித்தார் அண்ணி. "நம்ம சார்ஜன் அண்ணன் யாரு? கம்பிவேலிக் காலத்துக் கேட்டுக் காவல் மாதிரி! சோத்துப் பொட்டலத்தக்கூடப் பிரிச்சுப் பார்க்காம ஒருத்தன உள்ள விடமாட்டாரு!" சார்ஜன் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பின் வரிசைப் பெரியவர்கள் முகம்தான் சுருங்கிப் போயிற்று. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கடத்துகிறார்களோ என்று வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் சோதித்த காலம் அது. ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். "எங்கம்மா சோத்தப் பிரிச்சு மண்ணுல கொட்டுன கேட்டும்மா அது. அதுக்கா மறுபடி ஓட்டுப் போடச் சொல்ற?" அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். மைக்கின் விளக்கு மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஓட்டெடுப்பு. எதிர்வீட்டு அத்தை சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "அந்த அண்ணன் கேரக்டருக்கு நான் எந்தப் படத்துலடி அழாம இருந்திருக்கேன்?" என்று மூக்கை உறிஞ்சினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் ஏகப்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அண்ணி தோற்ற முகத்தோடு மைக்கைப் பிடித்து, "படம் நூறு நாள். டைரக்டர்தான் அவுட்டு" என்றார். சார்ஜனே சிரித்துவிட்டார், எங்கள் தாமான் சரித்திரத்தில் முதன்முறையாக.

அண்ணி பயந்தது போலவே ஒரு நாள் காலையில் மேசைக்காரர் மண்டபத்துக்கே வந்து அண்ணனைப் பிடித்தார். கையில் லட்டு டப்பா. என் மகளைப் பாலர் பள்ளியில் விட வந்தவள், நானும் அங்கேதான் நின்றேன். அண்ணன் வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அண்ணி கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டார். "என்ன தலைவரே, போலேயா?" என்றார் வியாபாரி. அண்ணன் வாய் 'போ' என்று குவிந்தேவிட்டது. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பேட்டரி இறங்கிய மைக்கைப் போல ஒரு குரலில், "தாபோலே" என்றார். வந்தவர் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார் போலும், மறுபடி கேட்டார். "தாபோலேலா" என்றார் அண்ணன், இந்த முறை கொஞ்சம் உரக்க. பிள்ளைகளுக்கு அது பிடித்துப் போயிற்று. "தாபோலே! தாபோலே!" என்று மண்டபமே அதிர்ந்தது. அண்ணி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு வெங்காயம் எதுவும் இல்லை.

எப்படியண்ணே வாய் வந்தது என்று அப்புறம் கேட்டேன். "மூணு வாரம் மைக்குல சொன்னாளே, நான் என்ன செவிடா?" என்றார்.

போன மாதம் மறுபடி தலைவர் தேர்தல். அண்ணன் போதும் என்று விலகிக்கொண்டார். நின்றது அண்ணி. வேட்பாளரே வர்ணனை செய்யக்கூடாது என்று சார்ஜன் சட்டம் பேசியதால் மைக் அநாதையாகக் கிடந்தது. அதே இளஞ்சிவப்பு மைக், இடுப்பில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது, விளக்கில் நீலம் செத்துவிட்டது, பச்சை மட்டும் ஓடுகிறது. யாரும் எதிர்பார்க்காமல் அண்ணன் அதை எடுத்தார். ஆயுளில் மைக் பிடித்திராத மனிதர். முதல் ஒரு நிமிஷம் இருமல்தான் கேட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இடைவேளைக்கு முன்னாடி செத்துப் போற அண்ணன்" என்றார். திடல் சிரித்து அடங்கும்வரை காத்திருந்தார். "பாதிப் படம் பார்த்துட்டீங்க. மீதிப் படம் பூரா இவளோடதுலா. போலேயா?"

நான் உள்பட மொத்தத் திடலும் கத்தினோம்: "போலே!"