மைசூரில் பார்த்த என் வலது கை

போன நவம்பரில் மைசூர் போனேன். அரண்மனை பார்க்கவோ மைசூர்பாக் வாங்கவோ இல்லை. என் பிஎச்.டி. கைடு அனுப்பினார். “அங்க ஒரு டீம் 99.4 எடுத்திருக்காங்க. எப்படின்னு கத்துட்டு வாம்மா” என்றார். கருத்தரங்குக்காக மைசூர் போகிற ஆராய்ச்சி மாணவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதால் வழி, செலவு எல்லாம் எழுதுகிறேன். வயிற்றெரிச்சலும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள் இலையின் படத்தைப் பார்த்து, அது நல்ல இலையா, புள்ளி நோய் வந்ததா, கருகல் நோய் வந்ததா என்று கணினியே சொல்ல வேண்டும். அதற்காக நான் உருவாக்கிய கணினி மாடல் நூற்றில் எண்பத்தொரு படத்துக்குச் சரியாகச் சொல்கிறது. கைடுக்கு அது போதவில்லை. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவாராம். எனக்குக் கிடைத்த கால நீட்டிப்பு வரும் மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருட வேலை குப்பைக்கு.

இதில் வேடிக்கை, மைசூர் அணி பயன்படுத்தியதும் என் படங்களைத்தான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் மார்டள்ளியில் என் சித்தி வீட்டுத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் வெயிலில் நின்று நான் எடுத்தவை. அந்த அணியின் பேராசிரியர் என் கைடின் நண்பர். கைடு கேட்டார், கொடுத்தேன். இடது கையில் இலையைப் பிடித்து வலது கையில் போனை வைத்து எடுத்ததால் படத்துக்குப் படம் என் இடது கை தெரியும். ஒரு நாள் காம்பு நறுக்கும்போது இடது கட்டைவிரலில் பிளேடு கிழித்துவிட்டது. சித்தி பச்சைக் கட்டம் போட்ட பழைய துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். அந்த வாரத்துப் படங்களில் அந்தக் கட்டும் இருக்கும்.

அதே படங்கள், அதே வேலை. எனக்கு 81, அவர்களுக்கு 99.4. ஒரே மாவில் அவர்கள் வீட்டு இட்லி மட்டும் பூவாக வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? என்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பித்தான் பஸ் ஏறினேன்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். திம்பம் மலைப்பாதையை இரவில் மூடிவிடுவார்கள், காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறுவது நல்லது, ஜன்னல் ஓரம் கிடைத்தால் இன்னும் நல்லது. சாமராஜநகரில் டீக்கு நிறுத்தினார்கள். பதினொரு மணிக்கு மைசூரில் இறங்கி, அக்ரஹாரத்தில் 900 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தேன். அறை சுத்தம். சுடுதண்ணீர் காலை எட்டு மணி வரைதான்.

மறுநாள் காலை ஹெப்பாள் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. நகரப் பஸ்ஸில் போகலாம், ஆனால் காலையில் தொழிற்சாலைக் கூட்டமும் ஐடி கூட்டமும் சேர்ந்து பிதுங்கும். (கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்குப் பஸ் இலவசம். நமக்கு டிக்கெட் உண்டு.) நான் ஆட்டோவில் போனேன், மீட்டர்படி 140 ரூபாய். ஓட்டுநர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். பத்தில் எத்தனை சரியாகச் சொல்லும் என்றார். எட்டு என்றேன்.

“பரவாயில்லீங்களே. என் மீட்டரே அவ்ளோ சரியாக் காட்டாதுங்க” என்றார். என் ஆராய்ச்சிக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

பதிவுக் கட்டணம் எட்டாயிரம் கட்டியதற்கு ஒரு துணிப்பையும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். பேனா எழுதவில்லை. எங்கள் அணியின் கட்டுரை, மன்னிக்கவும், அவர்கள் அணியின் கட்டுரை, பதினொன்றரை மணிக்கு வந்தது. வாசித்தவர் கிரண் என்ற இளைஞர். முதல் பக்கத்தில் நான்கு பெயர்கள், என் பெயர் இல்லை. அதைக்கூட எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்திய படங்கள் என்று சிலவற்றைத் திரையில் காட்டினார். ஒன்றில் மூலையைப் பூச்சி அரித்த ஓர் இலை, அதைப் பிடித்திருக்கும் என் இடது கை, கட்டைவிரலில் பச்சைக் கட்டம். பார்த்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து, மாடல் அதுவரை பார்த்தே இராத படங்கள், பரீட்சையில் சரியாகக் கண்டுபிடித்தவை என்று வேறு சில படங்கள். அதிலும் மூலை அரித்த இலை. அதைப் பிடித்திருந்தது வலது கை. வலது கட்டைவிரலில் பச்சைக் கட்டம்.

என் வலது கையில் யாரும் கட்டுப் போட்டதில்லை. அந்தக் கையில் போன் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பியும், கொஞ்சம் சாய்த்தும் நகல் எடுத்து எண்ணிக்கையைக் கூட்டுவது எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுதான். பரீட்சைக்கான படங்களை முதலில் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் நகல் எடுக்க வேண்டும். இவர்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, கலக்கிவிட்டு, அப்புறம் பிரித்திருக்கிறார்கள். பாடத்தில் பார்த்த படத்தின் நகலே பரீட்சையிலும் வந்திருக்கிறது. கேள்வித்தாளை முதல் நாளே கையில் கொடுத்துவிட்டு, பையன் சென்டம் எடுத்தான் என்று ஊரெல்லாம் சொல்வதுபோல.

கை தூக்கினேன். நேரமாகிவிட்டது, சாப்பாட்டின்போது பேசிக்கொள்ளுங்கள் என்றார் தலைமை வகித்தவர்.

சாப்பாட்டின்போதே பேசினேன். பிசிபேளாபாத் சப்பென்று இருந்தது. கிரணின் அப்பா தமிழ்நாட்டிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து ஹெப்பாளிலேயே தங்கிவிட்டவராம், அதனால் தமிழில் பேச முடிந்தது. கையைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் மறைக்கவில்லை. முதலிலேயே பிரித்துவிட்டு ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“ஹௌது மேடம், பார்த்தேன். எண்பதுதான் வந்துச்சு. சார் ஒப்பல்ல, ஒத்துக்கவே இல்லை. எண்பதை எந்தக் கான்ஃபரன்ஸ்லயும் எடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டார்.”

எண்பது. எனக்கு எண்பத்தொன்று. என்னிடம் குறை எதுவும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் எட்டாயிரம் கட்டியிருக்க வேண்டாம். ஆத்திரத்தில் அழுகை வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாலையில் சிறந்த கட்டுரைக்கான விருது. யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மேடையில் கேடயம் கொடுக்கும்போது பின்னால் திரையில் அந்த வலது கைப் படம் பெரிதாக நின்றது. அரங்கமே கைதட்டியது. கைதட்டாமல் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான்.

வெளியே வந்து கைடுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் 81தான் உண்மை என்று தெரிந்து சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

“சரி, எப்படின்னு தெரிஞ்சுதுல்ல? அப்ப நீயும் அதையே பண்ணிடும்மா” என்றார்.

ஊர் திரும்பிய அன்றே செய்து பார்த்தேன். நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும். எனக்கும் 99.1 வந்தது. அந்த நேரம் பார்த்துச் சித்தி கூப்பிட்டார். “அந்தப் போன்ல இலையைக் காட்டிப் பார்த்துட்டு மருந்து அடிக்கலாமா, வேண்டாமா கண்ணு?” என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை சித்தி, பத்தில் இரண்டு தப்பாகச் சொல்லும் என்றேன். போனை வைத்துவிட்டு அந்த 99.1ஐ அழித்தேன். ஆய்வேட்டில் 81 என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அது கைடின் மேசையில் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். மார்ச் வந்துகொண்டிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரில் ஸ்வெட்டர் அவசியம். தங்க அக்ரஹாரம் வசதி, கோயிலும் கடையும் நடக்கிற தூரம்தான். திரும்பி வரும்போது திம்பத்தை மூடுவதற்குள் கடந்துவிடுங்கள். கருத்தரங்கில் மத்தியானச் சாப்பாட்டை நம்பாதீர்கள். படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் உங்கள் கையும் படத்தில் விழும்படி எடுங்கள். கட்டுரையில் பெயர் வராவிட்டாலும் கையாவது வரும். எந்தக் கை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.