கூடத்துக்கு வந்த தொட்டில்

பருத்திக் காடெல்லாம் கோல்ஃப் மைதானமாகிவிட்ட பாலோ செக்கோவில், அந்தக் காலத்து மண்சுவர் வீடு என்று மிஞ்சியது லிண்ட்கிரன் வீடு ஒன்றுதான். இப்போது அது காட்சியகம். சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு நான் சுற்றிக்காட்டுகிறேன். சம்பளம் கிடையாது, பெருமைக்கு மட்டும் குறைவில்லை.

தொமித்திலா ஓச்சோவாவை நினைத்தால் அந்தப் பெருமையும் வற்றிவிடும். அந்த வீட்டில் முப்பது வருஷம் சமைத்தவள். அரிசோனா வெயிலில் எங்கள் மெக்சிகோ ஆட்கள், கொசுவலை அடித்த பின்கட்டில் ஈரத் துப்பட்டியைத் தொங்கவிட்டு, அதன் மறைவில் படுப்பார்கள். அரைமணிக்கு ஒருதரம் நனைக்க வேண்டும்.

1951 ஜூலையில் ஒரு மத்தியானம், தன் பதினொரு மாதக் குழந்தை செலோவை அங்கேதான் கிடத்தியிருந்தாள். கூடத்தில் புதிதாக வாங்கிய ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிலை அங்கே ஒரு மூலையில் போட்டுக்கொள்ளட்டுமா என்று எஜமானியைக் கேட்டாள்.

"விருந்தாளிங்க வர்ற நேரத்துல இதென்ன பேச்சு? போயி அடுப்பைப் பாரு."

விருந்து முடிந்து ஓடியபோது துப்பட்டி மொடமொடவென்று காய்ந்திருந்தது. குழந்தை இறந்துபோயிருந்தது.

எண்பத்தொரு வயதில், காட்சியகத்துக்கு நாங்கள் பழைய சாமான் கேட்டபோது, அந்தத் தொட்டிலைக் கொண்டுவந்தாள். பீச் பழப்பெட்டிப் பலகையில் அவள் புருஷன் செய்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். பின்கட்டுல வைங்க. செலோ பேரை எழுதுங்க."

காட்சியகக் கமிட்டித் தலைவி ஹாஸ்கெல் உதட்டைச் சுழித்தாள். "பள்ளிக்கூடப் புள்ளைங்க வர்ற எடம். சாவுக் கதையெல்லாம் எதுக்கு?"

நான் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கேவலம், அடுத்த நாள் தலைவி சொன்னபடி அட்டையும் எழுதினேன்: 'லிண்ட்கிரன் குடும்பத் தொட்டில்'.

திறப்பு நாளில் தொமித்திலா வந்தாள். தொட்டில் கூடத்தில், ஏசிக்கு நேர்கீழே இருந்தது. அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஏன்டி இர்மா, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா, தோன்யா தொமித்திலா." பெரியவர்களை எங்களில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அவள் தொட்டிலுக்குள் கையைவிட்டு, குளிர்ந்திருந்த பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேற பேரு வச்சாவது எம்புள்ளைய உள்ள விட்டாங்களே."

அந்த வருஷமே அவளும் போய்விட்டாள். அட்டையை நான் இன்னும் மாற்றவில்லை.