பிரிக்காத தந்தி

கல்பாத்தியில் நாங்கள் ஒரு இங்கிலீஷ் நாவலை நாடகமாக்கினோம். காலேஜில் பாடமாக வைத்திருந்த தடிப் புஸ்தகம். தகப்பனில்லாத பையன் அடிபட்டு, பசித்து, ஆளாகிற கதை. அதில் அவன் தாயார் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறாள். அக்ரஹாரத்தில் அதைக் காட்ட முடியுமா? புதுப் புருஷனைச் சித்தப்பாவாக்கினோம். பனியை மழையாக்கினோம்.

தாயார் வேஷம் எனக்கு. இருபத்திரண்டு வயசு, ஒடிசலான உடம்பு.

பகல் மூன்று மணிக்கு நாடகம். புடவை சுற்றிக்கொண்டிருந்தபோது தபால்காரர் தந்தியை நீட்டினார். "மலையிலேர்ந்தாக்கும்" என்றார். மலைமேல் சக்குபள்ளத்தில், ஏலக்காய்த் தோட்டத்தில் ரைட்டராக இருந்த அண்ணாவோடுதான் அம்மா இருந்தாள். ஜுரம் என்று போன வாரமே எழுதியிருந்தான்.

எங்களுக்குத் தந்தி என்றால் சாவு. சாவு காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரை கோயிலும் உண்டு, மேடையும் உண்டு. கல்யாண நாளில் எத்தனை தந்திகள் பிரிக்கப்படாமல் அரிசிப் பானைக்குள் கிடந்திருக்கின்றன!

நாடகம் எழுதிய சிநேகிதன் என் கையைப் பிடித்தான். "பிரிக்காதே, கேட்டயா. பிரிச்சா உனக்குத் தீட்டு, நாடகம் நாஸ்தி. வேற எவனுக்குடா அம்மா வேஷம் பொருந்தும்? மீசையோட நிக்கறானே சித்தப்பா, அவனுக்கா?"

சிரித்தேன். சிரித்தது நினைவிருக்கிறது. தந்தியைச் சட்டைப் பையில் செருகி, சட்டையை ஆணியில் மாட்டினேன்.

மூன்றாம் அங்கத்தில் செத்தேன். பாயில் கிடந்தேன். மகனாக நடித்தவன் மேலே விழுந்து அழுதான். அவன் வியர்வை என் கழுத்தில் சொட்டிற்று. பெண்கள் பக்கம் விசும்பல். எனக்குள் ஒன்றுமில்லை. மரம். வற்றிய ஆற்றுக் கல், வெயிலும் உறைக்காமல், நிழலும் உறைக்காமல். தூரத்தில் சாயங்கால வண்டி ஊதிக்கொண்டு போயிற்று.

புடவையை அவிழ்த்த பிறகு பிரித்தேன். இங்கிலீஷில் ஒரே வரி: அம்மாவுக்கு ரொம்ப மோசம், உன்னையே கேட்கிறாள், உடனே வா.

அடுத்த வண்டி மறுநாள்தான். பிறகு மாட்டுவண்டி, பிறகு நடை, ஏலச்செடி ஈரம், காலில் அட்டைகள். கடித்தது தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அன்று காலையில்தான் அம்மா போயிருந்தாள். சிதை அடங்கியிருந்தது.

"தந்தி எப்போ கெடச்சுது?" என்றான் அண்ணா.

"நாடகத்தன்னிக்கு. மத்தியானம்."

"அன்னிக்கே வண்டி இருந்ததேடா."

சொன்னேன். தீட்டு, வேஷம், சட்டைப் பை, எல்லாம் சொன்னேன்.

"அவ உசிரோட உன்னைக் கேட்டுண்டு கெடக்கா. நீ அங்கே அவளைக் கொன்னே வச்சுட்டயா?"

"ஆமாண்ணா."

குளித்துவிட்டு வரச் சொன்னான். ஓடையில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.