துள்ளுகிற மீன் சம்மாட்டிக்கு

நான் வேலைக்கு வந்த வெளிநாட்டு ஊரில், கால்சா மீன்கடையில் ஒரு சீனப் பெண் செவுள்களைத் தூக்கிப் பார்த்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். "மாமாவுக்குச் செத்த மீன் வைக்கமாட்டன். துள்ளவேணும்."

"அப்ப நீந்தப் போங்கோ, சிஞோரா!" கடைக்காரன் சிரித்தபடி தொட்டியிலிருந்து விலாங்கைத் தூக்கினான். அது வாலை அடித்தது.

அந்தச் சத்தத்தில் எனக்கு மன்னார்க் கரை நினைவில் வந்துவிட்டது. அப்பா இழுத்த வலையில் பாரைகள் துள்ளும்.

"ஒண்டு எங்களுக்கு எடுங்கோவன், அப்பா."

"துள்ளுறது சம்மாட்டிக்கு, பிள்ளை. அவரின்ர வள்ளம், அவரின்ர வலை."

கண் வெளிறிய மீனுக்குத்தான் அம்மா புளி கூட்டிக் கரைப்பார். நாங்கள் சிலுவை போட்டுச் சாப்பிடுவோம்.

இன்று நானும் நல்ல மீன் வாங்கினேன், வேலை செய்யும் வீட்டு சிஞோராவுக்கு. எங்களுக்கு உறைந்த பெட்டி மீன். இரவு, இறந்த அப்பாவுக்காகச் செபிக்கையில் வாயில் வந்தது இதுதான்: "இஞ்சையும் துள்ளுறது சம்மாட்டிக்குத்தான், அப்பா."