சார்ஜன்ட் அண்ணை சுடாத இருபது பேர்

அந்தப் பதக்கம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், நூல்கட்டைகளுக்கும் கழன்ற பொத்தான்களுக்கும் நடுவில் கிடந்தது. சட்டைக்குப் பொத்தான் தேடப்போய்த்தான் நான் அதைக் கண்டேன். எழுபதுகளில், ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், அங்கே வோபர்ன் பகுதியில் சார்ஜன்ட் அண்ணை வீட்டு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையோடு பர்மாச் சண்டைக்குப் போனவர் அவர். இங்கே பெட்டி செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தார். பதக்கம் எதற்கென்று கேட்டேன். "காயப்பட்ட பெடியங்களைத் தூக்கினனான். அதுக்குத் தந்தவங்கள்," என்று சொல்லித் தகரத்தை மூடிவிட்டார்.

பிள்ளைகளே, அந்த வருடம் அவர் நகரசபைத் தேர்தலில் நின்றார். பின்னால் ஆள் பலம் இல்லை, அந்தச் சபைக்குள் தெரிந்த ஒரு முகமும் இல்லை. எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓர் அகன்ற வீதி. பிள்ளைகள் கடக்க அங்கே விளக்கு இல்லை. கடிதம் எழுதிக் களைத்த அண்ணை, "கேட்டுத் தாறாங்களில்லை. நானே உள்ளை போயிருந்து கேக்கிறன்," என்று வேட்புமனுப் போட்டார். வேலை முடிந்த கையோடு ஈரப்பனிக்குள் வீடு வீடாகக் கதவு தட்டினார். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தவர்கள் அவர் எதையோ விற்க வந்தவர் என்றே முதலில் நினைத்தார்கள்.

"அண்ணை, பதக்கத்தைக் குத்திக்கொண்டு போங்கோவன். வெள்ளைக்காரன் மரியாதை தருவான்."

"உதைக் குத்திக்கொண்டு திரிய நான் என்ன மாப்பிள்ளையே? பேசாமல் வா."

எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் தேர்தல் நோட்டீஸ் எழுதிப் பழகிய கை என்னுடையது. வேட்பாளரின் பெயருக்கு முன்னால் சிங்கம், வேங்கை என்று நாலு பட்டம் போடாவிட்டால் அங்கே அது நோட்டீஸே இல்லை. வாசிக்கிறவர்களும் அரைவாசியைக் கழித்துவிட்டுத்தான் நம்புவார்கள். அந்தப் பழக்கத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், 'பர்மாவின் சிங்கம், தனி ஆளாய் இருபது எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியவர்' என்று எழுதினேன். அண்ணைக்குத் தெரியாமல் அச்சடித்துத் தெருத்தெருவாகத் தபால் பெட்டிகளில் போட்டேன். இங்குள்ளவர்கள் கழிக்காமல் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா கதவைத் திறந்தார். கையில் அந்த நோட்டீஸ். தன் மகன் அதே யுத்தத்தில் செத்தவன் என்றார். "அந்த இருபது பேருடைய தாய்மாரிடமும் வாக்குக் கேட்பீர்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அண்ணை நோட்டீஸை வாங்கி வாசித்தார். தான் ஒருவரையும் சுடவில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

தெருவில் நின்று, "தம்பி, ஆர் உதை எழுதினது? உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணை."

தேர்தலுக்கு மிச்சமிருந்த நாட்களில் அவர் வாக்குக் கேட்கவில்லை. அதே கதவுகளைத் திரும்பத் தட்டி, "இது பொய். நான் ஆட்களைச் சுமந்தவன் மட்டும்தான். என் தோளிலேயே இரண்டு பேர் செத்தார்கள்," என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி நோட்டீஸைத் திருப்பிக் கேட்டார். ஒரு பொய்யைத் துடைப்பதற்காக, வீட்டில் ஒருநாளும் பேசாததை முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று பேசினார். சேர்ந்த தாள்களைப் பையில் போட்டுச் சுமந்தவன் நான். "உவர் என்ன, எலெக்சன் கேக்கிறாரோ, பழைய பேப்பர் சேர்க்கிறாரோ?" என்று தொழிற்சாலையில் நம்மவர் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணை தோற்றார். அந்த வீதிக்கு விளக்கு வர இன்னும் பல வருடம் சென்றது. பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

போன மாதம் பக்கத்து நகரமான அஜக்ஸில் அவருடைய இறுதிச் சடங்கு. இரங்கல் சொல்ல எழுந்த ஒருவர், "இருபது எதிரியளைச் சுட்டு விழுத்தின வீரன்," என்று ஒலிவாங்கியில் முழங்கினார். எந்த வீட்டிலோ ஒரு தாள் எங்களுக்குத் தப்பியிருக்க வேண்டும். முன்வரிசையில் இருந்த பேரப்பிள்ளைகள் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கதிரையின் கையைப் பிடித்துப் பாதி எழும்பினேன். பிறகு இருந்துவிட்டேன்.

அந்தப் பேரப்பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் நீங்கள். இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களுடைய தாத்தா ஒருவரையும் சுடவில்லை. அதை எழுதியது உங்கள் அப்பா.