வந்தேறி ஆடு

தொப்பிக்காரர் கடல் தாண்டி வந்து இறங்கியபோது ஊர் அவரைப் பார்க்கவில்லை; அவர் கயிற்றில் பிடித்திருந்த இரண்டு பெட்டை ஆட்டையும் ஒரு கிடாவையும்தான் பார்த்தது. முழ நீளக் காது, குடம் மாதிரி மடி. "ஆளும் வந்தேறி, ஆடும் வந்தேறி" என்று பால்கடை அக்கா அன்றைக்கே பேர் வைத்துவிட்டாள். அவள் வாய்க்குப் பூட்டு ஏது?

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அசரவில்லை. பகலெல்லாம் செங்கல் சூளையில் மண் மிதிப்பார். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போவார். ஆனால் தீவனம் கட்டுப்படியாகவில்லை. நாலு பேர் குட்டி வாங்கினால் அந்த இனம் இங்கே நிலைக்கும், இல்லாவிட்டால் அதோடு சரி. கறிக்கடைக்காரர் வேறு போகவர வேலியோரம் நின்று கண்ணாலேயே எடை போட்டார். அக்கா வாங்கினால் ஊரே வாங்கும் என்று தெரிந்து தொப்பிக்காரர், ஒரு வாரம் கறந்து பாருங்கள் என்று கறவைப் பெட்டையை அவளிடமே கொடுத்தார்.

மறுநாளே அக்கா ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியில் புடைப்பு, முகமெல்லாம் பால். இதற்கு உதைக்க மட்டும்தான் தெரிகிறது, ஏமாற்றிவிட்டீர் என்று கத்தியதில் தெரு கூடிவிட்டது. கறிக்கடைக்காரர் கையில் கயிறோடு வந்திருந்தார், புண்ணியவான்!

தொப்பிக்காரருக்கு இந்த ஊர்ப் பேச்சு அரைகுறைதான். எப்படிக் கறந்தீர்கள், காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். அக்கா எல்லாரையும் போல ஆட்டின் பக்கவாட்டில் உட்கார்ந்து மடியைத் தொட்டாள். விழுந்தது அடுத்த உதை.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஊரில் ஆட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கறப்பார்கள். வேறு விதமாகவும் கறப்பார்கள் என்பதே அவருக்குத் தெரியாது, பாவம். பின்னால் குந்தி, கால்களுக்கு நடுவே கைவிட்டுப் பீய்ச்சினார். செம்பு நுரைத்து வழிந்தது. ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"பின்னாடியா? கண்றாவி" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து கறந்தாள். கறிக்கடைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

இன்று அந்த ஊரில் நீளக்காது இல்லாத கொட்டகை கிடையாது. போன மாதம் அக்கா கடைக்குப் புதுப்பலகை எழுத ஆள் வந்தான். பலகையில் போட ஆட்டுக்கு வேறு நல்ல பேராகச் சொல்லும்படி அக்கா தொப்பிக்காரரைக் கேட்டாள். தான் வைத்த பேர் அவளுக்கே இப்போது உறுத்தியது.

அவர் சிரித்தார். "எதுக்குக்கா மாத்தணும்? வந்தோம். ஏறிட்டோம். அப்படியே எழுதச் சொல்லுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாள்.