எண்ணிக்கொண்டிருந்த அம்மாள்

டெக்சஸில் என் மகன் கல்லூரிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய அந்த சீசன் முழுக்க, எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்காருவார். நரைத்த தலையில் அணியின் சிவப்புத் தொப்பி. பந்தைப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் நம் பையன்கள் பதினொருவரும் எழுந்துவிட்டார்களா என்று விரல் நீட்டி எண்ணுவார்.

ஒரு சனிக்கிழமை பத்தோடு நிறுத்தினார். "உன் பையன்தான், ஹனி. அங்க பார்க்காதே, என்னைப் பாரு" என்று என் கையைப் பற்றினார். அவன் நொண்டியபடி எழுந்து நடக்கும்வரை விடவில்லை.

"உங்க பையன் எந்த நம்பர்?" என்றேன்.

"அவன் போன வருஷமே படிப்பை முடிச்சுட்டான். அதுக்காக இவங்களை எண்ண வேண்டாமா?"

அடுத்த வாரம் முழங்கால் கட்டோடு இருந்த மகன், "ஐயாம் நாட் ஈவன் பிளேயிங், அம்மா!" என்றான். கார் சாவியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினேன்.